மைக்ரோபயாலஜியில் தேர்வு வைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போன மாதம், எங்கள் மைக்ரோபயாலஜி (நுண்ணுயிரியல்) துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் ஒருவர் இரண்டாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கான இன்டர்னல் கேள்வித்தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் பேசத் தோன்றவில்லை. பதினைந்து வருடங்களுக்கு முன் நான் எழுதிய தாளை மறுபடி படிப்பது போல இருந்தது. அதே கேள்விகள், அதே தவறுகள். அவர் நன்றாக உழைப்பவர். ஆனால் நம்மிடம் எப்படிக் கேட்டார்களோ அப்படியேதான் நாமும் கேட்கிறோம். எப்படிக் கேட்பது என்று யாரும் நம்மை உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை.

எழுத்துப்பிழை, ஒரே கேள்வி இரண்டு இடத்தில் வருவது, நாலாவது விடையாக 'மேற்கண்ட அனைத்தும்' வைப்பது ஆகியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். இன்னொருவர் தாளை ஒருமுறை வாசித்தால் அவை சரியாகிவிடும்.

நோயாளியின் கதையிலேயே விடையை வைப்பது

'கழுநீர் போல வயிற்றுப்போக்கு' என்று எழுதிவிட்டால் மீதிக் கதையை மாணவர் படிக்க வேண்டியதே இல்லை. காலரா. 'துரு நிறச் சளி' என்றால் நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ். 'ஆங்கோவி சாஸ் போன்ற சீழ்' என்றால் அமீபா. ஆங்கோவி என்பது நெத்திலி வகை மீன். நெத்திலி வறுவல் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள்தான், ஆனால் அந்த சாஸை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. சொல்லைப் பார்த்ததும் கை தானாக விடையை எழுதிவிடுகிறது.

வார்டில் எந்த நோயாளியும் கழுநீர் என்று சொல்வதில்லை. "நேத்து ராத்திரியிலிருந்து தண்ணியா போகுதுங்க, காலெல்லாம் இழுக்குது" என்பார். கதையை அப்படியே எழுதுங்கள். எத்தனை முறை போனது, நாடி எப்படி இருக்கிறது, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, தெருவில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்பதையெல்லாம் கொடுங்கள். அப்புறம் கேளுங்கள்: முதலில் என்ன செய்வீர்கள்? மலத்தை எதில் எடுத்து அனுப்புவீர்கள்? யாருக்குத் தகவல் சொல்வீர்கள்? 1992-இல் ஓ139 என்ற புது வகைக் காலராக் கிருமி சென்னையில் தலைகாட்டியபோது, நோய் அச்சு அசலாகக் காலராவாக இருந்தும் கிருமி, வழக்கமான ஓ1 வகையைக் கண்டுபிடிக்கும் ஆன்டிசீரத்தோடு திரளவில்லை. சொல்லுக்குச் சொல் பொருத்திப் பழகிய மாணவர் அந்த இடத்தில் நின்றுவிடுவார்.

சாம்பிளைப் பற்றிக் கேட்காமல் விடுவது

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் இந்தத் தவறைத் தாளில் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு மாணவர் இருந்தார். மைக்ரோபயாலஜியில் நல்ல மார்க். காசநோய்க் கிருமியை வளர்க்கும் எல்.ஜே. ஊடகத்தைப் பற்றி வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டேன். முட்டை, கிளிசரால், அஸ்பராஜின், மாலகைட் கிரீன் என்று மூச்சுவிடாமல் சொன்னார். மாலகைட் கிரீன் எதற்கு என்று கேட்டதற்கும் சரியான பதில் வந்தது. முழு மார்க் போட்டு அனுப்பினேன்.

ஹவுஸ் சர்ஜனாக அவர் அறுவை சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது, கழுத்தில் நெறிகட்டிய ஒரு பெண்ணுக்கு பயாப்சி எடுத்தார்கள். முன்பே ஒருமுறை காசநோய்க்கு மருந்து சாப்பிட்டுப் பாதியில் விட்டவர் அவர். இந்தமுறை கிருமி மருந்துக்குக் கட்டுப்படுமா என்று தெரிந்தே ஆக வேண்டும். எங்கள் லேபுக்குப் பாட்டில் வந்தது. 'காசநோய் கல்ச்சர், மருந்து உணர்திறன் சோதனை' என்று படிவம் அழகான கையெழுத்தில் இருந்தது. கல்ச்சர் என்றால் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. மூடியைத் திறந்த டெக்னீஷியன் அப்படியே என்னிடம் எடுத்து வந்தார். வாடையிலேயே தெரிந்துவிட்டது, ஃபார்மலின். எடுத்த திசு மொத்தமும் அதற்குள் கிடந்தது.

அந்த ஹவுஸ் சர்ஜனைக் கூப்பிட்டு, "என்னப்பா இது?" என்றேன். "பயாப்சின்னா ஃபார்மலின்தானே மேடம்?" என்றார். மழுப்பவில்லை, உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. ஃபார்மலினில் விழுந்த திசுவில் எந்தக் கிருமியும் வளராது. அது திசுவைப் பதப்படுத்தும், கிருமியைக் கொன்றுவிடும். அந்தப் பெண்ணின் கழுத்தில் மறுபடியும் கத்தி வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் என் பழைய கேள்வித்தாள்களை எடுத்துப் பார்த்தேன். எல்.ஜே. ஊடகம் மூன்று தாள்களில் இருந்தது. திசுவில் ஒரு பாதியைக் கிருமி நீக்கிய டப்பாவில் நார்மல் சலைன் விட்டு எங்களுக்கும், மறுபாதியை ஃபார்மலினில் பேதாலஜிக்கும் அனுப்ப வேண்டும் என்பதை நான் ஒரு முறைகூடக் கேட்டிருக்கவில்லை. வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தேர்வில் வராத விஷயத்தை எந்த மாணவர் நினைவில் வைத்துக்கொள்வார்? எல்.ஜே. ஊடகத்தை அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தயாரிக்கப் போவதில்லை. பாட்டிலைத் தேர்ந்தெடுக்கும் வேலை அவருக்கு வாரா வாரம் வரும்.

இப்போது எங்கள் செய்முறைத் தேர்வில் இதற்கென்று தனி மேஜை உண்டு. கிருமி நீக்கிய திருகு மூடி டப்பா, ஃபார்மலின் பாட்டில், ரத்தம் உறையாமல் வைக்கும் ஈ.டி.டி.ஏ. டியூப், ரத்த கல்ச்சர் பாட்டில் என்று நான்கை வரிசையாக வைத்து, பக்கத்தில் ஒரு சிறு கேஸ் குறிப்பும் வெற்றுப் படிவமும் வைக்கிறோம். மாணவர் சரியானதை எடுக்க வேண்டும், லேபிள் எழுத வேண்டும், படிவத்தை நிரப்ப வேண்டும். எங்கிருந்து எடுத்தது, எத்தனை மணிக்கு, ஆன்டிபயாடிக் ஆரம்பித்தாயிற்றா என்ற மூன்றுக்கும் தனித்தனி மார்க். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, லேபில் இருக்கிற பாட்டில்கள்தான்.

இன்னொரு கேள்வியும் கேட்கிறோம். இரவு 11 மணி. லேபில் ஆள் இல்லை. உங்கள் கையில் மூளைத் தண்டுவட நீர், சிறுநீர், ரத்த கல்ச்சர் பாட்டில் மூன்றும் இருக்கின்றன. எதை ஃபிரிட்ஜில் வைப்பீர்கள்? முதல்முறை கேட்டபோது பெரும்பாலான தாள்களில் 'மூன்றையும்' என்று இருந்தது. சிறுநீரை மட்டும்தான் வைக்கலாம். வெளியே வைத்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதிலுள்ள கிருமி பெருகிக் கணக்கு தப்பிவிடும். தண்டுவட நீரைக் குளிரில் வைத்தால் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸும் ஹீமோஃபிலஸும் செத்துப்போகும். விடிந்ததும் 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் போகும், அதை நம்பி ஒருவர் சிகிச்சையை மாற்றுவார்.

ரத்த கல்ச்சர் எப்போது எடுப்பது என்பதையும் இதே போலக் கேளுங்கள். ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸுக்கு முன்னால், பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. கூடவே, மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் சாம்பிளுக்காக ஆன்டிபயாடிக் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதை எழுதியவருக்கும் மார்க் கொடுங்கள்.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது 1986-இல் தெரியவந்தது எப்படி என்று என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி மேற்படிப்பு படித்த நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் செய்த ஆய்வு அது. ரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்துப் பத்திரப்படுத்தி, ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலில் கொண்டுபோய், வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். சாம்பிள் வழியில் கெட்டிருந்தால் அந்த வருடம் அந்த உண்மை வெளியே வந்திருக்காது.

காய்ச்சலின் நாளைச் சொல்லாமல் சோதனையைக் கேட்பது

'டெங்குவுக்கு என்ன சோதனை?' என்பது பாதிக் கேள்வி. மூன்றாம் நாள் என்றால் வைரஸின் புரதமான என்.எஸ்.1 ஆன்டிஜென், எட்டாம் நாள் என்றால் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளான ஐ.ஜி.எம். டைஃபாய்டு முதல் வாரம் என்றால் ரத்த கல்ச்சர். டைஃபாய்டுக்கான ரத்தச் சோதனையான வைடாலின் ஒரே ஒரு ரிப்போர்ட்டைக் கொடுத்து 'நோய் என்ன?' என்று கேட்கவே கேட்காதீர்கள். டைஃபாய்டு சகஜமாக இருக்கும் நம் ஊரில் ஒற்றை வைடாலை வைத்து முடிவுக்கு வரும் பழக்கத்தை நாமே வளர்த்துவிடுவோம்.

மாதத்தையும் ஊரையும் கதையில் சேருங்கள். மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது, புதர்க்காட்டு ஓரம் ஆடு மேய்ப்பவருக்கு ஒரு வாரக் காய்ச்சல் என்று கொடுத்துவிட்டு, 'உடம்பில் எங்கே தேடுவீர்கள், என்ன தேடுவீர்கள்?' என்று கேளுங்கள். அக்குள், தொடையிடுக்கு, இடுப்புத் துணியின் மடிப்பு, கருத்த பொருக்கு. பூச்சி கடித்த இடத்தில் அந்தப் பொருக்கு வரும் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற பெயரை எழுதியதற்குப் பாதி மார்க், தேடும் இடத்தைச் சொன்னதற்குப் பாதி.

கிராம் ஸ்டெயினில் விடைத்தாளை மட்டும் பார்ப்பது

கிருமிகளைச் சாய நிறத்தால் இரண்டாகப் பிரிக்கும் சோதனை இது. மாணவர் சாயம் ஏற்றும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். நிறம் நீக்கும் அசிட்டோனை ஊற்றிவிட்டு வேடிக்கை பார்த்தால் ஊதாவாகத் தெரிய வேண்டிய கிருமி இளஞ்சிவப்பாகிவிடும். நீங்கள் மேஜையில் உட்கார்ந்து 'கிராம் நெகட்டிவ்' என்பதை மட்டும் படித்தால், அவர் படித்து வரவில்லையா கை தவறியதா என்று உங்களுக்குத் தெரியாது. முதலாமவர் திரும்பப் படிக்க வேண்டும், இரண்டாமவருக்கு இன்னொரு ஸ்லைடு கொடுத்தால் போதும்.

வருடா வருடம் அதே ஸ்பாட்டர்

ஸ்பாட்டர் என்றால் செய்முறைத் தேர்வில் பார்த்து அடையாளம் சொல்ல வைக்கும் பொருள். சீனியர்கள் பட்டியலே வைத்திருக்கிறார்கள். மாற்றுங்கள்.

உங்கள் ஆய்வுத் தலைப்பிலிருந்து வைவா கேட்பது

கூடாது.

பழைய பெயருக்கு மார்க் குறைப்பது

கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற குடல் கிருமியின் பெயர் 2016-இல் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் ஆனது. மாணவர் பழைய பெயரை எழுதினாலும் நோயும் சிகிச்சையும் சரியாக இருந்தால் மார்க் கொடுத்துவிட்டு, ஓரத்தில் புதுப் பெயரை எழுதி அனுப்புங்கள்.