ஸ்லாக் சாட்பாட்டைக் கூகுள் ஷீட்டோடும் ஜிராவோடும் இணைக்க: அனுமதியிலிருந்து தொடங்குங்கள்

"இந்த ஐட்டம் குடோனில் இருக்கிறதா?" என்று உங்கள் அலுவலகச் செய்திப் பரிமாற்றச் செயலியான ஸ்லாக்கில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். பதில் ஏதோ ஒரு கூகுள் ஷீட்டில்தான் இருக்கிறது, ஆனால் அதைத் திறந்து பார்த்துச் சொல்ல ஒருவர் ஒவ்வொரு முறையும் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டும். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் சாட்பாட் (தானாகப் பதில் தரும் நிரல்) பதில் சொல்லட்டும், மற்றதெல்லாம் அப்புறம். காலண்டர், ஜிரா (பணிகளைக் கண்காணிக்கும் செயலி), பில்லிங் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இணைக்கக் கிளம்பியவர்கள் பாதியில் விட்டதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

கோடு, அதாவது நிரல், எழுதத்தான் வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். ஜிரா, கூகுள் காலண்டர், கூகுள் டிரைவ் எல்லாவற்றுக்கும் ஸ்லாக் மார்க்கெட்பிளேஸில் தயார் நிலையில் செயலிகள் உண்டு, அவற்றை நாமே மறுபடி எழுதுவது வீண் வேலை. ஃபார்ம் நிரப்பியதும் சேனலில் ஒரு செய்தி வந்து விழ வேண்டும், அவ்வளவுதான் தேவை என்றால் செயலிகளைக் கோடு இல்லாமலே இணைக்கும் ஸாப்பியர், மேக், என்8என் இவற்றில் ஒன்று போதும். இதில் என்8என்னை நம் சொந்த சர்வரிலேயே ஓட்டலாம், வாடிக்கையாளர் விவரத்தை இன்னொரு நிறுவனத்தின் கையில் கொடுக்க விரும்பாதவர்களுக்கு அது நல்ல வழி. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 10 செயலிகளுக்கு மேல் சேர்க்க முடியாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஷீட், நம் விதிகள், நம் ஆட்கள் என்று நமக்கே உரிய விஷயத்துக்குத்தான் சொந்தமாக எழுத வேண்டியிருக்கும்.

கை வைப்பதற்கு முன் ஒரு சம்பவம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒவ்வொரு ஷீட்டாகப் பகிர்வது தொல்லை என்று முழு டிரைவ் ஃபோல்டரையும் சாட்பாட்டின் கணக்குக்குத் திறந்துவிட்டார்கள், அதற்குள் சம்பள ஷீட்டும் இருந்தது யாருக்கும் நினைவில்லை. பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண் தன் உதவித்தொகை எப்போது வரும் என்று பொதுச் சேனலில் கேட்டார். சாட்பாட் அந்த ஷீட்டைத் தேடி எடுத்து, அவர் பெயர் இருந்த வரியோடு அதற்கு மேலும் கீழும் இருந்த வரிகளையும் சேர்த்துப் போட்டுவிட்டது. செய்தியை உடனே நீக்கினார்கள், ஆனால் படித்தவர்கள் படித்ததுதான். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேரின் சம்பள வித்தியாசம் அன்று வெளியே வந்தது, அதன் கசப்பு பல மாதம் போகவில்லை. அதிலிருந்து நான் விடாமல் பிடித்திருக்கும் விதி இதுதான்: கேட்கிறவர் தானே போய்ப் பார்க்க உரிமையில்லாத எதையும் சாட்பாட் அவருக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது.

சரி, வேலைக்கு வருவோம். ஸ்லாக்கின் ஏபிஐ (வெளி நிரல்கள் ஒரு செயலியோடு பேசும் வழி) தளத்தில் 'கிரியேட் நியூ ஆப்' கொடுத்து ஒரு பெயர் வையுங்கள். 'ஓஆத் அண்ட் பெர்மிஷன்ஸ்' பக்கத்தில் ஸ்கோப் எனப்படும் அனுமதிகளைச் சேர்க்க வேண்டும். நம் வேலைக்குச் 'சாட் ரைட்', 'கமாண்ட்ஸ்', யாராவது பெயர் சொல்லி அழைத்தால் தெரிந்துகொள்ள 'ஆப் மென்ஷன்ஸ் ரீட்', இந்த மூன்று போதும். 'சேனல்ஸ் ஹிஸ்டரி' என்று ஒன்று இருக்கும், அது சேனலில் பேசிய எல்லாவற்றையும் படிக்கும் அனுமதி, எதற்கும் இருக்கட்டும் என்று அதைச் சேர்க்காதீர்கள். வொர்க்ஸ்பேஸில் நிறுவியதும் 'எக்ஸ்ஓஎக்ஸ்பி' என்று தொடங்கும் டோக்கன், அதாவது நிரலுக்கான கடவுச்சொல் போன்ற ஒரு சாவி, கிடைக்கும். பின்னால் ஸ்கோப் கூட்டினால் செயலியை மறுபடி நிறுவ வேண்டும், இல்லையென்றால் புது அனுமதி வேலை செய்யாது. சாட்பாட் செய்தி போட மறுத்து 'நாட் இன் சேனல்' என்று பிழை காட்டினால் பதற வேண்டாம், அந்தச் சேனலுக்கு அதை இன்வைட் செய்திருக்க மாட்டீர்கள்.

அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் சாட்பாட் என்றால் 'சாக்கெட் மோட்' போட்டுவிடுங்கள். வெளியுலகுக்குத் திறந்த முகவரி எதுவும் தேவையில்லை, நம் நிரலே ஸ்லாக்கோடு வெப்சாக்கெட் என்ற, எப்போதும் திறந்திருக்கும் ஓர் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும், அதற்கு 'எக்ஸ்ஏபிபி' என்று தொடங்கும் இன்னொரு டோக்கன் எடுக்க வேண்டும். எழுதுவதற்கு ஸ்லாக்கே தரும் போல்ட் நூலகம் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா மூன்றிலும் இருக்கிறது.

அடுத்து கூகுள் பக்கம். கூகுள் கிளவுட் கன்சோலில் ஒரு புராஜெக்ட் தொடங்கி, ஷீட்ஸ் ஏபிஐயை இயக்கி, ஒரு சர்வீஸ் அக்கவுன்ட் (ஆளுக்கு அல்ல, நிரலுக்கான கணக்கு) உருவாக்குங்கள். அதற்கென்று நீளமான ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும். கையிருப்பு ஷீட்டைத் திறந்து, ஓர் ஆளோடு பகிர்வது போலவே அந்த முகவரியோடு பகிருங்கள், அதுவும் பார்க்க மட்டும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: சாவி சரியாக இருக்கும், கோடு சரியாக இருக்கும், அனுமதியில்லை என்று சொல்லும் 403 பிழை மட்டும் வந்துகொண்டே இருக்கும், காரணம் ஷீட்டைப் பகிரவில்லை. சர்வீஸ் அக்கவுன்ட்டின் சாவி ஒரு ஜேசன் கோப்பாக வரும், அதைக் கோடோடு சேர்த்து, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள். சில நிறுவனங்களில் இந்தச் சாவியை உருவாக்கவே தடை இருக்கும், அங்கே அட்மினிடம் பேசித்தான் ஆக வேண்டும். ஒரு பயனர் கணக்கில் நிமிடத்துக்கு 60 முறைதான் படிக்கலாம் என்ற வரம்பும் உண்டு, அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் ஷீட்டுக்கு ஓடாமல் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு நிரலிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது ஸ்லாக்கில் சாய்கோட்டோடு தட்டும் ஸ்லாஷ் ஸ்டாக் (/stock) என்று ஒரு கட்டளை வைக்கிறோம், பொருளின் பெயரைக் கொடுத்தால் எண்ணிக்கை வர வேண்டும். இதில் ஸ்லாக் நமக்குத் தரும் நேரம் 3 விநாடிதான், அதற்குள் "வந்து சேர்ந்தது" என்று பதில் போகாவிட்டால் கேட்டவருக்குப் பிழைதான் தெரியும். போல்ட்டில் 'ஆக்' என்ற அழைப்பை முதல் வரியிலேயே போட்டுவிட்டு அப்புறம் ஷீட்டைத் தேடுங்கள். உண்மையான பதிலை, கட்டளையோடு வரும் பதில் முகவரிக்கு 30 நிமிடத்துக்குள் 5 முறை வரை அனுப்பலாம். இந்தப் பதில் நீங்கள் வேறு மாதிரி சொல்லாத வரை கேட்டவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

பெயர் சொல்லி அழைக்கும் செய்திகளுக்கு இன்னொரு கவனம் வேண்டும். போல்ட் இல்லாமல் நானே எழுதிய முதல் சாட்பாட், ஒருவர் போட்ட ஒரே விடுப்பை ஷீட்டில் நான்கு வரியாகப் பதிந்தது, இரண்டு நாள் தேடியும் எனக்குக் காரணம் புரியவில்லை. ஷீட்டில் எழுதி முடித்த பிறகுதான் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், அதற்கு 3 விநாடிக்கு மேல் ஆனது. பதில் வரவில்லை என்று ஸ்லாக் அதே நிகழ்வை உடனே ஒரு முறை, 1 நிமிடம் கழித்து, பிறகு 5 நிமிடம் கழித்து என்று மூன்று தடவை மறுபடி அனுப்பியிருக்கிறது. ஒவ்வொரு நிகழ்வோடும் ஓர் அடையாள எண் வரும். அதைக் குறித்து வைத்து, ஏற்கெனவே பார்த்த எண் என்றால் விட்டுவிடுங்கள். ஷீட்டில் எழுதும் எந்தச் சாட்பாட்டுக்கும் இது கட்டாயம்.

ஷீட்டில் எழுதும் வேலைக்குப் போகும்போது யார் கேட்கிறார்கள் என்பது முக்கியமாகிறது. ஸ்லாக் ஒவ்வொரு கட்டளையோடும் பயனரின் அடையாள எண்ணைத் தருகிறது. ஷீட்டில் தனியாக ஒரு பக்கம் வைத்து எந்த எண்ணுக்கு எது திறக்கும் என்று எழுதி, பதில் தருவதற்கு முன் நிரல் அதைப் பார்க்கட்டும். பட்டியலில் இல்லாதவருக்கு "உங்களுக்கு இந்த விவரம் திறக்கப்படவில்லை, மேலாளரிடம் கேளுங்கள்" என்று மரியாதையாக ஒரு வரி போதும்.

ஏஐ மாடலை நடுவில் வைத்து, மக்கள் சும்மா பேசுகிற தமிழிலேயே கேட்கட்டும் என்று நினைத்தால், படிக்கும் கருவிகளையும் எழுதும் கருவிகளையும் கண்டிப்பாகப் பிரித்து வையுங்கள். 2024 நவம்பரில் ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறைக்கு (மாடல்கள் வெளிச் செயலிகளோடு பேசும் பொது முறை) பிறகு ஒரு மாடலோடு பல செயலிகளை இணைப்பது எளிதாகிவிட்டது, அதனாலேயே ஆபத்தும் கூடியிருக்கிறது. வாடிக்கையாளர் அனுப்பிய மின்னஞ்சலுக்குள்ளேயே "இந்த ஆர்டரை ரத்து செய்" என்று யாரோ எழுதி வைத்திருந்தால், மாடல் அதை உங்கள் கட்டளை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். மாற்றும், நீக்கும், அனுப்பும் எந்தச் செயலுக்கும் முன் "செய்யவா?" என்று ஒரு பொத்தான் காட்டி, மனிதர் ஒருவர் அழுத்திய பிறகே நடக்கும்படி வையுங்கள். பரிவர்த்தனைகளை நான் மாடலின் முடிவுக்கு விட்டதே இல்லை, விடவும் மாட்டேன்.

ஜிராவை நேரடியாக இணைக்கிறவர்கள் ஏபிஐ டோக்கனை யார் கணக்கில் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். அது எடுத்தவரின் கணக்கோடு ஒட்டியது, அவர் வேலையை விட்டுக் கணக்கு மூடப்பட்ட அன்றே சாட்பாட்டும் நின்றுவிடும். அலுவலகத்துக்கென்று ஒரு பொதுக் கணக்கு வைத்து அதில் எடுங்கள். அந்த டோக்கன் அதிகபட்சம் 1 ஆண்டுக்குத்தான் செல்லும், எனவே காலாவதிக்கு இரண்டு வாரம் முன்பாக அலுவலகக் காலண்டரில் ஒரு நினைவூட்டல் போட்டு, அதில் உங்களோடு இன்னொருவரையும் சேர்த்துவிடுங்கள்.