மெசேஜ் வந்தால் கார்டில் பணம் ஏறிவிட்டதாக அர்த்தமில்லை

வெள்ளிக் கொலுசு வியாபாரத்துக்காகச் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து அடிக்கடி சென்னைக்குப் போய்வருகிறேன். ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலையில் சென்ட்ரல். அங்கே மெட்ரோ கேட்டில் நம் ஊர்க்காரர் யாராவது கார்டோடு திகைத்து நிற்பதைப் பல தடவை பார்த்துவிட்டேன். சேலத்து டவுன் பஸ்ஸில் கண்டக்டரே பக்கத்தில் வந்து, எங்கே இறங்கணும் என்று கேட்டு டிக்கெட் கொடுப்பார். தப்பாகச் சொன்னால் திருத்துவார். கேட்டில் அப்படி யாரும் இல்லை. சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். கார்டை எந்தப் பக்கம் வைப்பது என்பதெல்லாம் முதல் நாளிலேயே பழகிவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

போனில் போட்ட பணம் கார்டுக்குள் இருக்கும் என்று நம்புவது

பணமும் நேரமும் சேர்ந்து போகிற தவறு இதுதான். சமீபத்தில் அம்மாப்பேட்டைப் பெண் ஒருத்தி, கிண்டியில் இன்டர்வியூ, கையில் மெட்ரோவுக்கும் மாநகரப் பேருந்துக்கும் பொதுவான சிங்காரச் சென்னை பயணக் கார்டு. கேட் திறக்கவில்லை. வீட்டுக்குப் போன் போட்டாள். அப்பா உடனே இன்னொரு 500 ரூபாய் போட்டார். அப்போதும் திறக்கவில்லை. “நேத்து ராத்திரியே போட்டுட்டாருங்கண்ணா, இப்ப மறுபடியும் போட்டிருக்காரு. மெசேஜ்கூட வந்துருச்சு பாருங்க” என்று போனை நீட்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

மெசேஜ் பொய்யில்லை. அப்பாவின் கணக்கிலிருந்து இரண்டு தடவையும் பணம் போயிருக்கிறது. ஆனால் கார்டின் சிப்புக்குள் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. கேட் பேங்க்கைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. கேட்டால் பின்னால் வரிசை நின்றுவிடும். சிப்பில் எழுதியிருக்கும் இருப்பை மட்டும் படித்து, கட்டணத்தை அதிலேயே கழிக்கும். நாம் ஆன்லைனில் போடும் தொகை பேங்க் பக்கத்தில் காத்துக்கொண்டிருக்கும். மணியார்டர் தபால் ஆபீஸுக்கு வந்து கிடக்கிற மாதிரி. மெட்ரோ ஸ்டேஷனில் இருக்கும் டாப்-அப் மெஷினிலோ கவுன்டரிலோ கார்டைக் கொடுத்து ‘பேலன்ஸ் அப்டேட்’ செய்தால்தான் அது சிப்புக்குள் எழுதப்படும்.

அந்தப் பெண்ணைக் கவுன்டருக்குக் கூட்டிப் போனேன். கார்டை வைத்தார்கள், ஆயிரமும் ஏறியது. அவள் செலவுக்கு அது அதிகம்தான், ஆனாலும் பணம் வீணாகவில்லை. எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்பட்டு கார்டைப் பீரோவில் போட்டுவிட்டு, வந்து சேராத பணத்தையும் மறந்துவிடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உழைத்த காசு, ஒரு நிமிஷ வேலையில் கைக்கு வந்திருக்கும்.

பேங்க் கொடுக்கும் ரூபே டெபிட் கார்டிலேயே மெட்ரோ கேட்டில் தொட்டுப் போகும் வசதி இருக்கும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. சேமிப்புக் கணக்கில் லட்சம் இருந்தாலும் கேட்டுக்கு அது தெரியாது. பயணத்துக்கான பணப்பை அந்தக் கார்டுக்குள் தனியாக இருக்கிறது. அதில் பணம் ஏற்றியிருந்தால்தான் கதவு திறக்கும்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். சேலத்திலிருந்து போகும் பஸ்கள் பலவும் கிளாம்பாக்கத்தில் நிற்கின்றன. அங்கே இன்னும் மெட்ரோ ஸ்டேஷன் வரவில்லை. வீட்டிலிருந்து ரீசார்ஜ் செய்துவிட்டு, அங்கே மாநகரப் பேருந்தில் ஏறிக் கார்டை நீட்டினால் கண்டக்டரின் மெஷினும் சிப்பில் உள்ள பழைய இருப்பைத்தான் பார்க்கும். முதல் பஸ்ஸுக்குச் சில்லறை கையில் இருக்கட்டும். இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் ஊருக்குத் திரும்பும்போதே மெட்ரோ கவுன்டரில் ரொக்கம் கொடுத்து ஏற்றிவிடுங்கள். நேராகச் சிப்புக்கே போய்விடும். என் வழக்கம் அதுதான்.

நிறையப் போட்டு வைப்பது

கார்டு தொலைந்தால் சிப்பில் இருக்கும் பணமும் தொலைந்ததுதான். பின் நம்பர் கேட்காது, எடுத்தவர் தொட்டுக்கொண்டு போகலாம். 2,000 ரூபாய்க்கு மேல் எப்படியும் ஏறாது. வேண்டிய அளவு மட்டும் போடுங்கள்.

இரண்டு பேருக்கு ஒரு கார்டு

கிடையாது. ஆளுக்கொன்று, அல்லது மற்றவருக்கு க்யூஆர் டிக்கெட்.

முன்னால் போகிறவரோடு ஒட்டி வெளியேறுவது

குடும்பமாகப் போகும்போது நடப்பது. கதவு திறந்திருக்கிறதே என்று தொடாமல் வந்துவிட்டால், கார்டின் கணக்கில் நீங்கள் இன்னும் உள்ளேயே இருக்கிறீர்கள். அடுத்த தடவை நுழைய விடாது. கவுன்டரில் சொல்லிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். பெட்டி, பை, பிள்ளை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு அங்கே போய் நிற்பது சாதாரண எரிச்சல் இல்லை.

எல்லா வண்டிக்கும் இதே கார்டு என்று நினைப்பது

மெட்ரோவில் செல்லும். மாநகரப் பேருந்தில் 2025 ஜனவரி முதல் செல்லும். சென்ட்ரலுக்கு எதிரே பார்க் ஸ்டேஷனில் ஏறும் லோக்கல் ரயில் ரயில்வேயுடையது, அதற்குத் தனி டிக்கெட். கார்டு இருக்கிறதே என்று ஏறிவிட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கட்ட வேண்டிவரும்.

பழைய மெட்ரோ கார்டு

2025 ஆகஸ்ட் முதல் ரீசார்ஜ் நின்றுவிட்டது. மெட்ரோ கவுன்டரில் கேட்டுச் சிங்காரச் சென்னை கார்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இலவச பஸ்ஸில் கார்டை நீட்டுவது

சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை, நம் ஊர் அரசு டவுன் பஸ் போலத்தான். கார்டைப் பைக்குள்ளேயே வையுங்கள். ஆனால் கண்டக்டர் தரும் இலவச டிக்கெட்டைக் கேட்டு வாங்கி, இறங்கும்வரை கையில் வைத்திருங்கள்.