தோட்டத்துக் குடும்ப வரலாற்றை இணையத்தில் ஏற்றுவோர் பதிப்புரிமையைக் கையாளும் முறை

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு ஸ்டூடியோவில், கப்பலேறுவதற்கு முந்திய வாரம் எடுத்த குடும்பப் படம் ஒன்று இலங்கை மலையகத்துத் தகரப் பெட்டிகள் பலவற்றில் இன்றும் இருக்கிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை, இந்தியா என இரு நாடுகளாகப் பிரிந்த சொந்தங்களைத் தேடி வம்சாவளி தொகுக்கும் தொண்டர்களிடம் முதலில் வந்து சேர்வதும் பெரும்பாலும் அந்தப் படம்தான். அதை ஏற்றுவதற்கு முன், படத்தைக் கையில் வைத்திருப்பவரே அதன் உரிமையாளர் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும்.

இலங்கையில் இவ்விடயத்தை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமாகும். வெறும் தரவுகளுக்கு இச்சட்டம் பாதுகாப்பு அளிப்பதில்லை. ஆகவே ஒருவரின் பெயர், பிறந்த நாள், வேலை செய்த தோட்டம், டிவிஷன் (தோட்டப் பிரிவு), செக்ரோல் (தோட்டத்து வேலைப் பதிவேடு) இலக்கம், இன்னார் இன்னாருக்கு மகள் என்ற உறவு ஆகியவற்றைப் பழைய ஏட்டிலிருந்தோ பிறப்பத்தாட்சிப் பத்திரத்திலிருந்தோ எடுத்தெழுதுவதற்குப் பதிப்புரிமை தடையாக நிற்காது. ஆனால் அத்தரவுகளை ஒருவர் தம் அறிவால் தெரிந்தெடுத்து ஒழுங்குபடுத்திய தொகுப்பும், அவற்றைச் சுற்றி எழுதிய வாசகங்களும் அவருடைய ஆக்கங்கள். மாமா ஒருவர் பத்து வருடம் அலைந்து வரைந்த வம்சாவளி அட்டையை அப்படியே ஒளிவருடி ஏற்றக் கூடாது. அதிலுள்ள விவரங்களை எடுத்து, புதிதாக வரைந்து, தகவல் தந்தவர் அவர் என்று குறிப்பிட வேண்டும். தொண்டர்கள் அதிகம் தவறுவது ஜெட்காம் கோப்புகளில், அதாவது வம்சாவளித் தரவைக் கணினிகளுக்கிடையே பரிமாறும் கோப்புகளில்தான். வேறொருவரின் கோப்பை இறக்கிச் சேர்க்கும்போது பெயர்களோடு அவர் 'குறிப்பு' என்ற கட்டத்தில் எழுதிவைத்த நீண்ட பத்திகளும் ஓசையின்றி வந்துவிடுகின்றன. சேர்ப்பதற்கு முன் அக்கட்டங்களைத் திறந்து பார்த்து நீக்குவது நல்லது.

படங்களில் எடுத்தவரே ஆக்கியோன் ஆவார். ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு இருந்தவர் வேலையாக எடுத்திருந்தால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரை, உரிமை முதலாளிக்குச் செல்லும். ஆக்கியோன் வாழும் காலமும் அவர் இறந்த பின் 70 ஆண்டுகளும் உரிமை நீடிப்பதால், 1960களில் எடுத்த படத்தின் உரிமை இன்னும் முடியவில்லை என்றே கொள்வது நல்லது. படம் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்டிருந்தால் இந்தியச் சட்டத்தின்படி இறந்த பின்னான அந்தக் காலம் 60 ஆண்டு. தனிப்பட்ட தேவைக்குப் படியெடுத்து வைத்துக்கொள்வது வேறு, உலகம் பார்க்க ஏற்றுவது வேறு. ஆராய்ச்சிக்கான நியாயமான பயன்பாடு என்ற விலக்கை நம்பி முழுப் படத்தையும் ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எனவே படம் கைக்கு வந்ததும் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். பின்புறத்தில் ஊதா மையில் ஸ்டூடியோவின் முத்திரையும், அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதிய நெகட்டிவ் இலக்கமும் இருக்கக்கூடும். இரண்டு பக்கத்தையும் ஒளிவருடி ஒன்றாகவே சேமியுங்கள். பின்னர் அந்த ஊரில் விசாரியுங்கள். அந்தக் கடை இன்று பேரன் நடத்தும் போட்டோகொப்பிக் கடையாக இருக்கலாம். எந்தப் படம், எங்கே ஏற்றப்படும், பிறர் எடுத்துப் பயன்படுத்தலாமா என்ற மூன்றையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கையொப்பமும் திகதியும் வாங்கினால் போதும். வாட்ஸ்அப்பில் வந்த 'சரி தம்பி, போடுங்க' என்ற பதிலையும் படமாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வியை விட்டுவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. பெரியம்மா முறையான ஒருவரின் கல்யாணப் படத்தை, குடும்பத்தாரின் சம்மதம் கிடைத்த மகிழ்ச்சியில், வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (பிறர் கேட்காமலே பயன்படுத்த முன்கூட்டியே தரும் பொது அனுமதியில்) ஏற்றினேன். சில வருடங்களில் அது ஒரு தேயிலைப் பொதியின் மேலுறையில் வந்தது. அந்த உரிமத்தை ஒருமுறை கொடுத்தால், ஏற்கெனவே எடுத்தவர்களிடமிருந்து திரும்பப் பெற முடியாது என்பதை அவர்களுக்கு நான் விளக்கவே இல்லை. 'யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?' என்று பெரியம்மா கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

பாட்டியின் ஒப்பாரியையோ, தலைமன்னார்வரை கோச்சியில் (ரயிலில்) போய் உறவுகளை வழியனுப்பிய கதையையோ பதிவுசெய்தால், பாடியவருக்கும் சொன்னவருக்கும் அதில் உரிமை உண்டு. பதிவின் தொடக்கத்திலேயே அவர் வாயால் சம்மதம் சொல்லவைப்பது மிக எளிய வழி. அதைக் கேட்டு எழுத்தில் வடித்த தொண்டர் அதற்கு உரிமையாளராகிவிட மாட்டார்.

உயிரோடிருப்பவர்களின் அடையாள அட்டை இலக்கம், முகவரி ஆகியவை பதிப்புரிமை சார்ந்தவை அல்ல. ஆயினும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருப்பதை மனத்திற்கொண்டு மறைத்துவிடுங்கள்.

முறைப்பாடு வந்தால் வாதாடுவதற்கு முன் படத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். தளத்தின் சேவையகம் அமெரிக்காவில் இருந்தால், அந்நாட்டின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் மில்லெனியம் பதிப்புரிமைச் சட்டப்படி அறிவித்தல் கிடைத்ததும் தளமே அதை நீக்கக்கூடும். படம் போன இடத்தில் பெயரும், ஆண்டும், தோட்டமும் அப்படியே நிற்கட்டும்; அவற்றை நீக்கச் சொல்லும் அதிகாரம் பதிப்புரிமையின் பேரால் யாருக்கும் இல்லை.