கரி அடுப்பு வைக்கும் பக்கம்

கிடுகு (பின்னிய தென்னோலை) வேய்ந்த வீட்டின் முற்றத்தில் இறைச்சி வாட்டக் கரி அடுப்பு மூட்டப் போகிறீர்களா? முதலில் ஒரு பிடி சாம்பலைத் தூவிப் பாருங்கள். அது பறக்கிற பக்கமாக, வீட்டிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி அடுப்பை வையுங்கள். இலங்கையின் வன்னிப் பகுதியில் வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் அடிக்கும். அப்படியென்றால் வீட்டின் வடகிழக்குப் பக்கம்தான் சரியான இடம்.

சிரட்டைக்கரி விசிறும்போது தெறிக்கும் பொறி மிகச் சின்னது, ஆனால் காற்றில் தூரம் போகும். கோடையில் முறுகக் காய்ந்த கிடுகின் நுனியில் ஒன்று ஒட்டினாலே போதும், முதலில் மெல்லப் புகையும், ஒரு வீச்சுக் காற்று வந்ததும் கூரை பிடித்துக்கொள்ளும். காற்று வீட்டிலிருந்து அடுப்பை நோக்கிப் போனால் பொறியும் வெளிப்பக்கமே போகும். அடுப்பைச் சுற்றிச் சருகைக் கூட்டிவிட்டு, நிலத்தில் ஒரு வாளி தண்ணீர் தெளித்தால் விழுகிற பொறி அங்கேயே அணையும். இன்னொரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

காற்றுப் போகும் பக்கத்தில் அயல்வீட்டுக் கிடுகு வேலியோ வைக்கோல் போரோ இருந்தால் இந்த முறை சரிவராது, வேறு இடம் பாருங்கள். காற்று சுழன்று அடிக்கிற நாளில் மூட்டவே வேண்டாம். மழை வந்துவிட்டதென்று அடுப்பை விறாந்தைக்குள்ளோ அறைக்குள்ளோ தூக்கிப் போகாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

மிஞ்சிய தணலைக் குப்பைக் கிடங்கில் கொட்டவும் வேண்டாம். சாம்பலுக்கடியில் அடுத்த நாள்வரைகூட அது கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள்.