அங்க அடையாளம் எழுதுமுன்: தழும்பா, பிறவிக் குறியா?

பள்ளி மாற்றுச் சான்றிதழில் மாணவரின் அங்க அடையாளங்களைக் குறிப்பது தமிழ்நாட்டில் நெடுநாளைய வழக்கம். அவசரத்தில் பலர் கண்ணில் பட்ட எதையும் ‘மச்சம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வரி பிள்ளையோடு பல ஆண்டுகள் கூடவே வரும் என்பதால், அந்தக் குறி எப்படி வந்தது என்பதை நிதானமாகப் பார்த்த பின்பே எழுத வேண்டும்.

அந்த இடத்தில் எப்போதாவது காயமோ தீப்புண்ணோ அம்மைக் கொப்புளமோ இருந்ததா என்று முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். மேல்தோலோடு நின்ற சிராய்ப்பு பெரும்பாலும் சுவடின்றி ஆறிவிடும். காயம் அதற்கு அடியிலுள்ள உள்தோலை எட்டும்போதுதான் உடல் அந்தப் பிளவைக் கொலாஜன் என்னும் புரத நார்களால் அடைக்கிறது; அதுவே தழும்பு. இயல்பான தோலில் பல திசைகளில் பின்னிக் கிடக்கும் இந்நார்கள் தழும்பில் பெரும்பாலும் ஒரே திசையில் நெருங்கிக் கிடக்கின்றன. ஆழமான தழும்பில் மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் மீண்டும் உருவாவதில்லை. எனவே பகல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்வாகப் பார்த்தால், அந்த இடம் மயிரின்றி வழவழப்பாகவும், தோலின் நுண்வரிகள் அங்கே அறுபட்டும் தெரியும். பிறந்தவுடன் இடது மேற்கையில் போடும் பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசியின் அடையாளமும் தழும்புதான். அது பலருக்கும் இருப்பதால் ஒருவரைத் தனித்துக் காட்ட உதவாது.

பிறவிக் குறிக்குக் காயம் காரணமன்று. நிறமிச் செல்களோ நுண்ணிய இரத்த நாளங்களோ தோலில் ஓரிடத்தில் மிகுந்தோ விரிந்தோ அமைவதால் அது தோன்றுகிறது. கருவுற்றபோது தாய் கிரகணத்தைப் பார்த்ததால் வந்தது என்று அவள்மேல் பழி சுமத்துவதற்கு எந்த அடிப்படையும் இல்லை; அந்தப் பேச்சு எத்தனையோ தாய்மாரை வீணாக வருத்தியிருக்கிறது. கைக்குழந்தைகளின் இடுப்புக்குக் கீழே காணும் நீலத் திட்டை அடிபட்ட கன்றல் என்று எண்ணி அஞ்சுவோரும் உண்டு. அதுவும் பிறவிக் குறியே. பள்ளி வயதுக்குள் பெரும்பாலும் மங்கிவிடும் என்பதால் அதைச் சான்றிதழில் குறிக்க வேண்டாம். பிறந்த சில வாரங்களில் தோன்றிச் சிவந்து புடைக்கும் இரத்தநாளக் கட்டியும் முதல் ஆண்டில் வளர்ந்து, பிறகு மெல்லச் சுருங்கும். முகத்தில் பிறவியிலேயே பரவியிருக்கும் கருஞ்சிவப்புப் படலமோ தானாக மறைவதில்லை.

சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவை பிறந்த பிறகு, குழந்தைப் பருவத்திலும் இளமையிலும் தோன்றுபவை. ஆகவே உறுதியாகத் தெரிந்தாலன்றி ‘பிறவி மச்சம்’ என்று எழுதாதீர்கள்.

எழுதும்போது வகை, பக்கம், இடம், அளவு ஆகிய நான்கையும் சேர்த்து, ‘வலது முழங்காலுக்குக் கீழே 2 செ.மீ. நீளத் தழும்பு’ என்பதுபோல் குறியுங்கள். இன்னும் சிவந்திருக்கும் புதிய தழும்பு ஓராண்டுக்கு மேலும் நிறம் மாறிக்கொண்டிருக்கும் என்பதால் பழையதையே தேர்ந்தெடுங்கள். மச்சம் திடீரென வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, இரத்தம் கசிந்தாலோ, படிவத்தை ஒத்திவைத்துவிட்டு முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.