மாண்டிசோரி வகுப்பில் மாதத் திட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் 'நானும் என் குடும்பமும்'. ஜூலையில் பழங்கள், ஆகஸ்டில் வாகனங்கள், செப்டம்பரில் வீட்டு விலங்குகள். நம் ஊர் மாண்டிசோரி வகுப்புகள் பலவற்றின் சுவரில் இப்படியொரு மாதத் திட்டம் ஒட்டியிருக்கும். பள்ளி திறக்கும் முன்பே அதை அச்சடித்துப் பெற்றோர் கையிலும் கொடுத்துவிடுவார்கள்.

திட்டம் போடுவதில் குறை சொல்ல எதுவும் இல்லை. மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கும்போது, டீச்சர் முன்கூட்டியே யோசித்து வைக்காவிட்டால் ஒரு வேலையும் ஓடாது. அந்தத் திட்டம் யாருக்காக என்பதில்தான் சிக்கல் ஆரம்பமாகிறது. பிள்ளை தன் வேலையைத் தானே தேர்ந்தெடுத்துச் செய்யும் மாண்டிசோரி முறையில் மாதத் திட்டம் டீச்சருக்கு உரியது. இந்த மாதம் எந்தத் தட்டு, அதாவது ஒரு வேலைக்கான பொருட்களை அடுக்கிய தட்டு, அலமாரிக்கு வர வேண்டும், எந்தப் படங்களைத் தயார் செய்ய வேண்டும், சந்தையிலிருந்து என்ன வாங்கி வர வேண்டும் என்பதற்கான குறிப்பு அது. அதையே எடுத்து, குழந்தை எந்த வாரத்தில் எதைக் கற்று முடிக்க வேண்டும் என்ற அட்டவணையாக மாற்றிவிடுகிறோம். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஒன்றாம் தேதி அலமாரியைக் காலி செய்வது

மாதம் பிறந்ததும் பழைய தட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாக அடுக்குவது பல பள்ளிகளில் வழக்கம். பார்க்க அழகாக இருக்கும், படம் எடுத்துப் பெற்றோர் குழுவில் போடலாம். ஆனால் ஒரு நான்கு வயதுப் பிள்ளை பத்து நாளாகச் சட்டைப் பொத்தான் போட்டுப் பழகுவதற்கான துணி மாட்டிய சட்டத்தோடு மல்லுக்கட்டி, இப்போதுதான் மேல் பொத்தான் வரை வந்திருப்பாள். திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் அந்தச் சட்டம் இருந்த இடத்தில் பொம்மைப் பேருந்து நிற்கும்.

இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 'குழந்தைகள் இல்லம்' என்ற தன் முதல் பள்ளியை ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் 1907 ஜனவரி 6 அன்று தொடங்கினார். தான் கவனித்த ஒரு சிறுமியைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். சுமார் மூன்று வயது. மரக்கட்டையின் குழிகளில் உருளைகளைப் பொருத்தும் வேலையில் இருந்தாள். சுற்றிலும் இருந்த பிள்ளைகளைப் பாடச் சொன்னார்கள், அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார்கள். அவள் உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு, நாற்பது தடவைக்கும் மேல் அதையே செய்து முடித்துவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்தவள்போல் நிமிர்ந்து பார்த்தாளாம். இந்த முறையின் அடித்தளமே அந்தத் திரும்பத் திரும்பச் செய்யும் வேகம்தான். அதைத் தேதி பார்த்து வெட்டக் கூடாது.

எனவே சில பொருட்களை மாற்றவே கூடாது. அளவு வாரியாக அடுக்கும் பத்து கனசதுரம் கொண்ட பிங்க் டவர், நீள வரிசையில் வைக்கும் சிவப்புக் கோல்கள், உருளைக் கட்டைகள், ஒன்று முதல் பத்து வரை காட்டும் எண் கோல்கள் எல்லாம் ஆண்டு முழுக்க அதே இடத்தில் இருக்க வேண்டும். ஜூனில் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காத பிள்ளை ஜனவரியில் வந்து எடுப்பான். மாற்ற வேண்டியவை அன்றாட வாழ்க்கைத் தட்டுகளும், மொழிப் படங்களும், வெளியிலிருந்து கொண்டுவரும் இலை, காய், விதைகளை வைக்கும் இயற்கை மேசையும்தான். அவற்றிலும் வாரத்துக்கு ஒன்றிரண்டு போதும். யாருமே தொடாத தட்டு எது என்று ஒரு வாரம் குறித்துவைத்துவிட்டு அதை மட்டும் எடுங்கள்.

நம் ஊரில் இல்லாத பருவத்தைக் கற்பிப்பது

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். இணையத்தில் கிடைக்கும் மாதத் திட்டங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ போட்டவை. செப்டம்பரில் ஆப்பிள் பறிப்பது, அக்டோபரில் பழுத்து உதிரும் மேப்பிள் இலை, டிசம்பரில் பனிமனிதன். அங்கே அவை மிகச் சரியானவை. ஜன்னலைத் திறந்தால் பிள்ளைக்கு அந்த இலை தெரியும். திருச்சியிலோ திருநெல்வேலியிலோ அதை அப்படியே இறக்கினால், பஞ்சை ஒட்டிப் பனிமனிதன் செய்யும் குழந்தைக்கு வெளியே பெய்யும் கார்த்திகை மழையைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடைப்பதில்லை.

ஆறு வயதுக்குள் பிள்ளைகளுக்கு உண்மையான பொருளே முதலில் வர வேண்டும் என்று மாண்டிசோரி வற்புறுத்தினார். அவர் 1939-ல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்தவர். போர் மூண்டு, இத்தாலியர் என்பதால் நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு வந்தபோது கோடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கினார். அங்கே அவரும் மகன் மாரியோவும் பிள்ளைகளோடு மலைச் செடிகளையும் பூச்சிகளையும் கவனித்தே இயற்கைப் பாடங்களை வளர்த்தெடுத்தார்கள். சுற்றுப்புறத்தில் இருப்பதையே பாடமாக்கும் வேலை நம் மண்ணிலேயே நடந்திருக்கிறது. நாம் பனிமனிதனைத் தேடிப் போக வேண்டியதில்லை.

நம் பக்கத்து மாதங்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஜூன், ஜூலையில் வேப்பம்பழம் தரையெல்லாம் கிடக்கும். தோலைப் பிதுக்கினால் கொட்டை வழுக்கிக்கொண்டு வரும், அதுவே விரல்களுக்கு அருமையான வேலை. கூடவே நாவல்பழம். நாக்கு ஊதாவாக மாறியதைக் கண்ணாடியில் பார்க்கும் பிள்ளைக்கு ஊதா என்ற சொல் ஆயுசுக்கும் மறக்காது. ஆகஸ்டுக்குப் பிறகு சீத்தாப்பழம்: சதையை உண்டுவிட்டுக் கறுப்பு விதைகளைக் கழுவி, காயவைத்து, எண்ணலாம். அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. மண்புழு, நத்தை, தொட்டால் சுருளும் மரவட்டை எல்லாம் பள்ளிச் சுவர் ஓரத்துக்கே வந்துவிடும். ஜனவரியில் மஞ்சள் கொத்து, கரும்பு, மொச்சை. மார்ச் வந்தால் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும், வேம்பு பூக்கும். ஏப்ரலில் நுங்கு.

இவற்றில் மாதத்துக்கு மூன்று பொருள் போதும். முதலில் உண்மைப் பொருள் இயற்கை மேசைக்கு வர வேண்டும். இரண்டொரு நாள் கழித்து அதன் புகைப்பட அட்டை, பிறகு பெயர் எழுதிய அட்டை. கண்ணும் வாயும் வரைந்து சிரிக்கும் மாம்பழப் படத்தைத் தயவுசெய்து ஒட்டாதீர்கள். மாம்பழத்தில் பார்க்க வேண்டியது காம்பு, தோல், சதை, கொட்டை. அந்தப் பொய்ச் சிரிப்பு அவை எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது.

அன்றாட வேலைகளை ஜூலையோடு முடித்துவிடுவது

திட்டங்களில் ஊற்றுதல், துடைத்தல், மடித்தல் எல்லாம் முதல் இரண்டு மாதத்துக்குத்தான் இருக்கும். பிள்ளை அழுகையை நிறுத்தி வகுப்புக்குப் பழகியதும் 'இனி படிப்பு' என்று அலமாரியின் அந்தப் பக்கமே சுருங்கிவிடும். பென்சில் பிடிக்கும் விரலும், ஒரு வேலையில் நிலைக்கும் மனமும் உருவாகும் இடமே அதுதான். ஆண்டின் கடைசி வாரம் வரை அது நடக்க வேண்டும், மாதத்துக்கு மாதம் கடினமாகிக்கொண்டே போக வேண்டும்.

ஊற்றும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜூனில் கைப்பிடி வைத்த சிறிய ஜக் இரண்டு, ஒரே அளவு. ஒன்றில் பாதி அளவுக்குக் கொண்டைக்கடலை. சிந்தினால் விழும் சத்தம் கேட்கும், பொறுக்கவும் எளிது. அடுத்து அரிசி. அது கைவந்த பிறகு தண்ணீர், அதில் ஒரு சொட்டு நிறம் கலந்தால் எங்கே சிந்தியது என்று தட்டில் தெரியும். பிறகு ஒரு ஜக்கிலிருந்து இரண்டு டம்ளருக்கு, கோடு வரை மட்டும். டிசம்பரில் அதே பிள்ளை மதியச் சாப்பாட்டுக்கு எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிவைப்பான்.

இதில் நடக்கும் சின்னத் தவறுகள் வேலையையே கெடுத்துவிடும். ஜக்கை விளிம்பு வரை நிரப்பி வைப்பது ஒன்று. துடைக்கும் துணியைத் தட்டில் வைக்காமல் விடுவது இன்னொன்று. துணி இல்லாவிட்டால் சிந்தியதும் பிள்ளை டீச்சர் முகத்தைத்தான் பார்க்கும், துணி இருந்தால் தானே துடைத்துவிட்டு மறுபடி ஊற்றும். அதேபோல், செய்து காட்டும்போது பேசிக்கொண்டே இருப்பது. கை செய்வதைப் பார்ப்பதா, வாய் சொல்வதைக் கேட்பதா என்று பிள்ளை திணறும். மெதுவாக, வாய் திறக்காமல் செய்து காட்டுங்கள். கடைசிச் சொட்டு விழும் வரை ஜக்கைச் சாய்த்தே வைத்திருந்து, பிறகு நிமிர்த்துங்கள். அந்தக் கடைசிச் சொட்டுக்காகவே சில பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

வேலைகளைத் தேடிக் கடைக்கும் போக வேண்டாம். வேர்க்கடலை உடைப்பது, பட்டாணி உரிப்பது, மல்லிகைக் காலத்தில் பூத் தொடுப்பது, கைக்குட்டை மடிப்பது, புள்ளி வைத்துக் கோலம் போடுவது என்று நம் வீடுகளிலேயே ஆண்டு முழுவதற்குமான வேலை இருக்கிறது. மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் இருக்கும் அறையில் மட்டும் வாயில் போட்டுக்கொள்ளும் அளவுள்ள மணி, கொட்டை, கடலை எதையும் திறந்து வைக்காதீர்கள்.

மாதத்துக்கு இத்தனை எழுத்து என்று கணக்கு வைப்பது

12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஆய்தம் ஒன்று, மொத்தம் 247. இந்தக் கணக்கை மாதங்களுக்குப் பங்கு போட்டு, ஜூனில் அ முதல் ஊ வரை என்று எழுதிவிடுகிறோம். அகரவரிசை அகராதி பார்க்க உதவும். கைக்கு அது உதவாது. அ, ஆ, இ மூன்றும் சுழியும் வளைவுமாகச் சிறு கைக்கு மிகவும் கடினமான எழுத்துகள். உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்தை விரலால் தடவிப் பழகும் பிள்ளைக்கு ட, ப, ம போன்றவை எளிது. மெய்யெழுத்துகளில் ட், ம் இரண்டையும் சேர்த்துக்கொண்டால் சில வாரங்களிலேயே படம், மடம், பட்டம் என்று சொற்களாகவே அடுக்கத் தொடங்கிவிடும். எழுத்துக்கு முன்னால் ஒலி விளையாட்டு வேண்டும்: 'ம-வில் ஆரம்பிக்கிற ஒரு பொருள் இந்தத் தட்டில் இருக்கு, எது கண்ணா?' இதற்கே இரண்டு மாதம் கொடுக்கலாம்.

ஒரே நேரத்தில் குழப்பும் எழுத்துகளைக் கொடுப்பதும் பெரிய தவறு. ல, ள அடுத்தடுத்து வேண்டாம். ர, ற வேண்டாம். எ, ஏ வேண்டாம். உருவிலும் ஒலியிலும் விலகி நிற்கும் எழுத்துகளாக இரண்டு அல்லது மூன்று எடுங்கள்.

புதுப் பெயரை மூன்று படியாகச் சொல்லிக் கொடுக்கும் மூன்று படிப் பாடத்தில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது இரண்டாம் படியில். முதல் படி: 'இது ம. இது ட.' இரண்டாம் படி: 'ம எங்கே? ட-வை ஜன்னல்கிட்ட கொண்டு போய் வை. ம-வைத் தடவு. இப்ப ட-வை என் கையில் கொடு.' மூன்றாம் படி: 'இது என்ன?' இரண்டாம் படியை ஒரே கேள்வியோடு கடந்துவிட்டு மூன்றாவதுக்குத் தாவுகிறோம், ஏனென்றால் பெற்றோருக்குக் காட்ட முடிவது மூன்றாவதுதான். உண்மையில் கற்றல் நடப்பது இரண்டாவதில். அங்கே நீண்ட நேரம் விளையாடலாம். பிள்ளை மாற்றிச் சொன்னால் 'தப்பு' என்று சொல்ல வேண்டாம். பாடத்தை இதமாக அங்கேயே முடித்துவிட்டு, இன்னொரு நாள் முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.

எண்களிலும் இதே கதை. நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையிடம் ஏழு குச்சி கேட்டால் கை நிறைய அள்ளித் தரும். சுழியம் முதல் ஒன்பது வரை எண்ணுக்கு ஏற்பக் குச்சி போடும் அறைகள் கொண்ட குச்சிப் பெட்டியில் சுழியத்தின் அறை காலியாகவே இருப்பதைக் கண்டு ஒரு பிள்ளை 'இதுல ஒண்ணுமே இல்ல' என்று சொல்லும் நாள், நூறு வரை எழுதிய நோட்டை விடப் பெரியது.

எல்லோரும் ஒரே கைவேலை, எல்லோரும் ஒரே நிறம்

மஞ்சள் நாள், சிவப்பு நாள் என்று கொண்டாடுவதால் பெரிய கேடு இல்லை. அதையே நிறப் பாடமாக எண்ணுவதுதான் பிழை. அன்று மஞ்சள் சட்டை, மஞ்சள் பலூன், மஞ்சள் எலுமிச்சை எல்லாம் கலந்து, பிள்ளையின் கண் நிறத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கும். நிறப் பலகைகள் அளவிலும் வடிவிலும் ஒன்றாகவே இருக்க, நிறம் மட்டும் மாறும். ஒரு குணத்தைத் தனியே பிரித்துக் காட்டுவதுதான் அவற்றின் வேலை. டீச்சரே வெட்டி, பிள்ளை ஒட்டி மட்டும் கொடுத்த ஒரே மாதிரி இருபது வண்ணத்துப்பூச்சிகளும் பிள்ளைக்கு எதையும் தருவதில்லை.

விழா ஒத்திகைக்குக் காலை நேரத்தைக் கொடுப்பது

காலையில் இடையூறு இல்லாத சுமார் மூன்று மணி நேரம் இந்த முறைக்கு உயிர். பிரார்த்தனை, பாட்டு, நொறுக்குத்தீனி, இந்தி, நடனம் என்று அரைமணிக்கு ஒருமுறை மணி அடித்தால் பிள்ளைகள் எளிய வேலையைத் தாண்டி எதையும் எடுக்க மாட்டார்கள். பாதியில் பிடுங்கப்படும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆண்டுவிழா நெருங்கும் மாதங்களில் ஒத்திகை காலை வேளையைத் தின்றுவிடுகிறது. அந்த மாதங்களுக்குத் திட்டம் எழுதும்போதே ஒத்திகையை மதியத்துக்குத் தள்ளி எழுதிவிடுங்கள். நிர்வாகத்திடம் இதற்காகப் போராட வேண்டிவந்தால் போராடலாம்.

மாதக் கடைசியில் டிக் அடிப்பது

'பழங்கள்: முடிந்தது. வாகனங்கள்: முடிந்தது.' டீச்சர் எதைச் சொல்லிக் கொடுத்தார் என்பது மட்டுமே அந்தப் படிவத்தில் தெரியும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதத்தில் மூன்று வரி எழுதுங்கள். எதைத் தானாகத் தேர்ந்தெடுத்தது, எவ்வளவு நேரம் அதில் இருந்தது, எங்கே உதவி கேட்டது. அடுத்த மாதத் திட்டத்தை அந்த வரிகளிலிருந்துதான் எழுத வேண்டும். அப்போதுதான் மூன்று வயதுக்காரனுக்கும் ஐந்து வயதுக்காரிக்கும் ஒரே தாள் போடும் வேலையும் நிற்கும்.

பெற்றோர் கூட்டத்திலும் இந்தக் குறிப்பு கைகொடுக்கும். 'மிஸ், பக்கத்து ஸ்கூல்ல எல்கேஜி பிள்ளை நூறு வரைக்கும் எழுதுது, இவன் என்ன பண்றான்?' என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது, கவலை அவர்களுடையது. 'இந்த மாசம் எண் கோல்களைத் தானே பதினொரு நாள் எடுத்தான். முதல் வாரம் ஆறு வரைக்கும்தான் வரிசையா வச்சான், இப்ப பத்து வரைக்கும் வைக்கிறான். எட்டையும் ஒன்பதையும் மாத்தி வச்சா தானே பார்த்துத் திருத்திக்கிறான்' என்று நோட்டைத் திறந்து வாசித்துக் காட்டுங்கள். பிறகு ஒரு காலை அரைமணி நேரம் வகுப்பின் மூலையில் அவர்களை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.