வீடியோ கேமரா வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: எதைக் கழித்து எதைக் கொடுத்திருக்கிறார்கள்?

மதுரை வட்டாரத்தில் முகூர்த்தம், காதுகுத்து, தேரோட்டம், ஜல்லிக்கட்டு என்று எல்லாவற்றையும் ஒரே கேமராவில் எடுக்க வேண்டியவர்களே அதிகம். கடையில் அவர்கள் கேட்பது இரண்டே கேள்விதான்: சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு, அதாவது சிப்) ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய அளவா, 4கே 50பி (4கே தெளிவில் நொடிக்கு 50 ஃபிரேம்) வருமா? கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட விலைக்குள் கேமராவை முடிக்க வேண்டிய தொழிற்சாலை, சென்சாருக்குக் கொடுத்த பணத்தை வேறு எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது? இதைக் கேட்காமல் பில் போடுவதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகள் இதன் கிளைகள்.

சென்சார் அளவை மட்டும் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். ஃபுல் ஃபிரேம் 36 × 24 மி.மீ. டிவி நிலையங்கள் பயன்படுத்தும் 2/3 இன்ச் சென்சார் 9.6 × 5.4 மி.மீ. பரப்பில் 16 மடங்குக்கு மேல் வித்தியாசம். சில்லு பெரிதானால் ஒரு சிலிக்கான் தட்டில் கிடைக்கும் எண்ணிக்கை குறையும். சிறு குறை ஒன்று விழுந்தாலும் பெரிய சில்லு முழுதாக வீணாகும். அதனால்தான் அதன் விலை. ('1 இன்ச்' என்ற பெயரை நம்பி ஏமாற வேண்டாம், அது 13.2 × 8.8 மி.மீ. தான். பழைய கேமராக் குழாயின் விட்டத்திலிருந்து வந்த பெயர்.)

ஆனால் பெரிய சென்சாருக்குப் பெரிய லென்ஸ் வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும்போது கூட்டத்தைத் தாண்டி அருகில் போக முடியாது. 2/3 இன்ச் கேமராவில் 8–160 மி.மீ. லென்ஸ் போட்டால், ஃபுல் ஃபிரேம் கணக்கில் அது ஏறத்தாழ 31–630 மி.மீ. மொத்த ஆற்றையும் காட்டிவிட்டு அங்கிருந்தே அழகரின் முகத்துக்குப் போகலாம். நடுவில் ஃபோகஸ் நகராது. ஃபுல் ஃபிரேமில் பலரும் வைத்திருக்கும் 24–105 மி.மீ. லென்ஸின் ஜூம் 4.4 மடங்குதான். 2/3 இன்ச்சில் எஃப்2.8 (லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் ஏற ஏறத் துவாரம் சிறுத்து ஒளி குறையும்) வைத்தால் கிடைக்கும் ஃபோகஸ் ஆழம், ஃபுல் ஃபிரேமில் எஃப்11 வைத்தால்தான் வரும். அசையும் கூட்டத்தில் ஃபோகஸ் தவறாதிருக்க எஃப்11க்குப் போனால், பெரிய சென்சாரின் இருட்டு அனுகூலம் அத்தனையும் அங்கேயே கரைந்துவிடும். அதற்காக 2/3 இன்ச்தான் உயர்ந்தது என்றில்லை. அந்தக் கேமராக்களில் மூன்று சில்லுகளை ஒரு பட்டகத்தில் (ப்ரிசம்) நுட்பமாக ஒட்ட வேண்டும், லென்ஸ் விலை கேமரா விலையையே தாண்டும். மணமக்கள் படமே முக்கியத் தொழில் என்றால் ஃபுல் ஃபிரேம் சரி. திருவிழா நேரலை என்றால் அது வீண் செலவு.

அடுத்த தவறு, சென்சார் ஒன்றாக இருந்தால் கேமராவும் ஒன்று என்று நினைப்பது. சோனி ஏ7எஸ் 3, எஃப்எக்ஸ்3, எஃப்எக்ஸ்6 மூன்றும் தரும் படத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏ7எஸ் 3-இல் வியூஃபைண்டர் உண்டு, ஃபேன் இல்லை. எஃப்எக்ஸ்3-இல் ஃபேன் உண்டு, வியூஃபைண்டர் இல்லை. எஃப்எக்ஸ்6-இல் உள்ளேயே என்டி ஃபில்டரும் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) எஸ்டிஐயும் (டிவி நிலையங்கள் பயன்படுத்தும் வீடியோ கேபிள் இணைப்பு) உண்டு, சென்சாரை ஆட்டி நடுக்கம் குறைக்கும் வசதி இல்லை. சென்சாருக்கு முன்னால் இருக்கும் இடுக்கு மிகச் சிறியது. அதில் நகரும் என்டி தட்டையும் அசையும் சென்சாரையும் சேர்த்து அடக்குவது கடினம், செலவும் கூடும். விலை ஏறுவதற்கு இன்னொரு காரணம் எண்ணிக்கை. வடிவமைப்புக்கும் உடலை வார்க்கும் அச்சுக்கும் 20 கோடி ரூபாய் ஆனதாக வைத்துக்கொள்ளுங்கள். 2 லட்சம் கேமரா விற்றால் ஒன்றின் பங்கு 1,000 ரூபாய். 5,000 மட்டும் விற்றால் 40,000 ரூபாய்.

என்டி இல்லாததை எளிதாக விடாதீர்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800, ஷட்டர் 1/50, உச்சி வெயில்: சரியான வெளிச்சத்துக்கு எஃப்64 வேண்டும். எஃப்8-இல் எடுக்க 6 ஸ்டாப் என்டி தேவை (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சத்தைப் பாதியாக்குவது). தேர் மாசி வீதியில் வெயிலிலிருந்து நிழலுக்குத் திரும்பும் நேரத்தில் லென்ஸ் முன்னால் ஃபில்டரைக் கழற்றி மாட்ட அவகாசம் இருக்காது. மலிவான சுழற்றும் என்டியோ வைட் ஷாட்டில் பெருக்கல் குறி போலக் கறுப்பு விழ வைக்கும்.

நம் ஊருக்கு வெப்பம்தான் பெரிய சோதனை. பெரும்பாலான கேமராக்களின் தகவல் தாளில் வேலை செய்யும் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி என்றிருக்கும். மதுரையில் சித்திரை வெயில் நிழலிலேயே அந்த 40-ஐத் தொடும். வெயிலில் நிற்கும் கறுப்பு உடல் அதையும் தாண்டும். ஃபேன் இல்லாத உடலில் வெப்பம் மக்னீசியக் கூடு வழியாகத்தான் வெளியேற வேண்டும். கூடு பிளாஸ்டிக் என்றால் அந்த வழியும் அடைபடும். ஃபேன் இருந்தாலும், காற்று போகும் பாதை சர்க்யூட் போர்டிலிருந்து தனியே அடைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அலங்காநல்லூர் வாடிவாசல் புழுதி போர்டில் படிந்தால் சர்வீஸ் செலவு உங்களுடையது.

தாலி கட்டும் நொடியில் பத்து ஃபிளாஷ் ஒன்றாக மின்னும். இப்போதைய கேமராக்களில் வழக்கமான சீமாஸ் வகை சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிப்பதால், பாதிப் படம் வெளுத்து மீதி சாதாரணமாக நிற்கும். வேகமாகப் படிக்கும் சென்சாரில் இது குறையும், ஆனால் முழுதாக மறையாது. முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பிடிக்கும் குளோபல் ஷட்டரில்தான் பட்டை விழாது, ஆனால் அதற்கு விலையும் கூடும், ஒளி வீச்சும் (இருளும் வெளிச்சமும் ஒரே படத்தில் பிடிபடும் அளவு) குறையும்.

மண்டபத்தில் எல்இடி திரைக்கு நேரலை கொடுப்பவர்கள் எச்டிஎம்ஐயை நம்புவது இன்னொரு தவறு. சாதாரண கேபிள் 10, 15 மீட்டருக்கு மேல் நம்பிக்கை தராது, இழுத்தால் கழன்றுவிடும். எஸ்டிஐயின் பிஎன்சி முனை பூட்டிக்கொள்ளும்; நல்ல கேபிளில் 3ஜி-எஸ்டிஐ சிக்னல் (மொபைல் 3ஜி அல்ல) 100 மீட்டர் வரை போகும். ஆனால் எஸ்டிஐயை மாட்டும் வரிசை தவறினால் உள்ளே இருக்கும் சில்லு கருகும். கேமராவும் மானிட்டரும் ஒரே பேட்டரியில் ஓடும்போது மின் கேபிளின் கிரவுண்டு சரியாகத் தொடாவிட்டால், மின்னோட்டம் பிஎன்சி உறை வழியாகத் திரும்பும். ஆகவே முதலில் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுங்கள், கடைசியில் பிஎன்சி மாட்டுங்கள். கழற்றும்போது பிஎன்சி முதலில்.

கார்டு, ஹார்டு டிஸ்க் செலவைக் கேமரா விலையோடு கூட்டாமல் விடுவதும் வழக்கம். 500 எம்பிபிஎஸ் (நொடிக்கு 500 மெகாபிட்) இன்ட்ரா பதிவு, அதாவது ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சேமிக்கும் பதிவு, மணிக்கு 225 ஜிபி. ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்த்து 6 மணி நேரம் என்றால் 1,350 ஜிபி. இரண்டு நகல் வைத்தால் 2.7 டிபி. 100 எம்பிபிஎஸ்ஸில் மணிக்கு 45 ஜிபிதான், ஆனால் அதிகம் சுருக்கிய பதிவு என்பதால் எடிட்டிங் கம்ப்யூட்டர் திணறும்.

பணம் கட்டுவதற்கு முன் கேமராவை மதியம் 1 மணிக்கு மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், உங்கள் கார்டையும் பேட்டரியையும் போட்டு, நீங்கள் வேலைக்கு வைக்கும் அதே 4கே 50பியில் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். எத்தனையாவது நிமிடத்தில் எச்சரிக்கை வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உள்ளே வந்து இருபது தடவை ஃபிளாஷ் அடிக்கச் சொல்லி, பதிவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள்.